பாட்டிலுக்குப் பின்னால் உருண்ட பகடை

நங்கநல்லூரில் என் வீட்டு மாடியில் ஒரு பழைய சாப்பாட்டு மேசை கிடக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அதைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடுபவர்கள். ஐந்தாவது ஆள் நான், டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். கதையை நடத்துவது, பூதங்களையும் கொள்ளையர்களையும் ஆட்டிவைப்பது, விதியில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் என் பாடு. ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில்.

யாருடைய பெயரும் இதில் வேண்டாம். மேசையில் ஒருவரையொருவர் பாத்திரத்தின் தொழிலை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். பாலடின் என் கல்லூரித் தோழன். சத்தியம் செய்துவிட்டு அந்தச் சத்தியத்தின் பலத்தில் வாளெடுக்கிற வீரன் அவன் பாத்திரம் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ரோக், நிழலில் பதுங்கி விலா எலும்பைத் தேடிக் குத்துகிறவள். அதை ஆடியது என்னோடு முன்பு வேலை பார்த்த அக்கா. க்ளெரிக், அதாவது பூசாரி, அக்காவின் சித்தி மகள், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, ஆட்டத்துக்குப் புதுசு. விஸார்ட், அதாவது மந்திரவாதி, என் இப்போதைய அலுவலகத்தில் டெஸ்டிங் பார்ப்பவர். விதிப்புத்தகத்தைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பார்.

இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. நான்கு பேரும் ஒரே கட்சி. வீரன் வாள் வீசினால் பட்டதா படவில்லையா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். டி20 என்போம், கிரிக்கெட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் ஏசியை, அதாவது கவச எண்ணைத் தொட்டால் அடி பட்டது. பகடையிலேயே 20 விழுந்தால் அது கிரிட். சேதத்துக்கு உருட்டும் பகடைகள் இரட்டிப்பாகும். இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு படிக்கலாம்.

முதலில் பட்டது

பாலடின் எப்போதும் கூட்டுத்தொகையை மட்டும்தான் சொல்வான். "இருபத்து மூணு. படுமா?" மற்றவர்கள், "பதினாலு விழுந்திருக்கு, ப்ளஸ் ஏழு, இருபத்தொண்ணு" என்று வாய்விட்டுக் கணக்குப் போடுவார்கள். அவன் போடமாட்டான். அதில் தப்பு ஒன்றுமில்லை, மனக்கணக்கு வராதவர்கள்தான் வாய்விட்டுச் சொல்வார்கள் என்றுகூட நினைத்திருந்தேன்.

மேசை நடுவில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் வைத்திருப்போம். சத்தம் வராமலிருக்க உள்ளே ஒரு ரவிக்கைத் துணி. பகடையை அதில் உருட்டலாம், கட்டாயமில்லை. பாலடினுடைய வலப்பக்கம் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு சாண் இடம். அங்கேதான் அவன் உருட்டுவான். உருட்டுவதும் எண்ணைச் சொல்வதும் பகடையை அள்ளுவதும் ஒரே அசைவு. அள்ளிய பிறகுதான் நாம் திரும்பிப் பார்ப்போம். சில சமயம் பகடை காகிதத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றுவிடும். "சாஞ்சிருச்சு" என்று சொல்லி மறுபடி உருட்டுவான். அதுவும் வழக்கம்தான், எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவனுடைய பகடை சாயும்போதெல்லாம் மேலே தெரிந்தது சின்ன எண்ணாகவே இருந்தது.

எனக்கு உறைத்தது பகடையால் இல்லை. ஐந்தாம் நிலை பாலடினுக்கு மந்திர ஸ்லாட், அதாவது மந்திரம் போடக் கிடைக்கும் தடவை, மொத்தம் ஆறு: முதல் தரத்தில் நான்கு, இரண்டாம் தரத்தில் இரண்டு. ஒரு முழு இரவு உறங்கி எழுந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அடி பட்டதும் ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து ஸ்மைட் போடலாம். தெய்வக் கோபம் வாள் வழியாக இறங்கும். ஒரு ஞாயிறு, உறக்கமே இல்லாமல் ஒரே சுரங்கத்துக்குள் நடந்த மூன்று சண்டைகளில், ஒன்பது ஸ்மைட் போட்டான்.

இங்கே 2014 விதியின் ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். ஸ்மைட் போடுவதா வேண்டாமா என்பதை அடி பட்டதைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். கிரிட் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டாம் தரம் போடறேன்" என்று சொல்லலாம், ஸ்மைட் பகடைகளும் இரட்டிக்கும். அவனுடைய வாளும் திறமையும் சேர்ந்து சாதாரண அடிக்குச் சராசரி சேதம் 10, 11 வரும். கிரிட்டும் இரண்டாம் தர ஸ்மைட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் அது 42. ஓகர் என்கிற மலைப்பூதத்துக்கு உயிரே 59தான். ஒரு பொய் 20க்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு கூலி தருகிற பாத்திரம் வேறில்லை. 2024இல் வந்த திருத்தப் பதிப்பு ஸ்மைட்டை ஒரு முறைக்கு ஒன்று என்று கட்டிப்போட்டது. எங்கள் மேசைக்கு அது வந்து சேரவில்லை.

நோட்டுப் புத்தகம்

சந்தேகம் வந்த பிறகு மனிதனுக்கு எல்லாமே சாட்சியாகத் தெரியும். பெரிய எண் விழுந்தால் "பார்த்தியா", சின்ன எண் விழுந்தால் "நடிக்கிறான்". அதனால் சந்தேகம் வருவதற்கு முந்தையதை எல்லாம் தள்ளிவிட்டு, புதிதாக எண்ண ஆரம்பித்தேன். நான்கு ஞாயிறுகள். அவனுடையது மட்டுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருடையதையும் குறித்தேன். டிஎம் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பான் என்பதால் யாரும் கேட்கவில்லை.

அவன் உருட்டியது 62 முறை. அதில் 18 முறை தாம்பாளத்தில்: யாராவது பார்த்துக்கொண்டிருந்தபோதும், எட்டி உருட்ட வேண்டியிருந்தபோதும். மீதி 44 பாட்டிலுக்குப் பின்னால். இருபது பக்கப் பகடையில் 18, 19, 20 ஆகிய மூன்றில் ஒன்று விழ வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. தாம்பாளத்தில் விழுந்த பதினெட்டில் அப்படிப்பட்டவை மூன்று; கணக்குப்படி வரவேண்டியதும் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பாட்டிலுக்குப் பின்னால் 44இல் ஆறோ ஏழோ வந்திருக்க வேண்டும். வந்தது 20. தற்செயலாக இப்படி நேர லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

பகடையே கோணலாக இருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பகடையை உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டு, சுண்டிச் சுண்டிவிட்டு, ஒரே பக்கம் மேலே வருகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. அவனுடையது உலோகப் பகடை, மிதக்காது. ஸ்பின்டவுன் வகையோ என்றும் பார்த்தேன். மேஜிக் சீட்டாட்டத்தில் உயிர் எண்ணிக்கை காட்ட வைத்திருக்கும் பகடை அது. வெளித்தோற்றத்தில் டி20 போலவே இருக்கும், ஆனால் எண்கள் வரிசையாக அடுத்தடுத்து இருப்பதால் பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கும். கை பழகியவன் அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவந்துவிடலாம். நல்ல டி20இல் 20க்கு அண்டை வீட்டுக்காரர்கள் 2, 8, 14. அவனுடையது நல்ல டி20தான். அதைவிட எளிய பதில்: அதே பகடை, அதே கை, தாம்பாளத்தில் ஒழுங்காக விழுந்தது. பகடைக்குப் பாட்டில் எங்கே நிற்கிறது என்று தெரியாது.

ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. 2020 ஊரடங்கில், க்ளெரிக் வருவதற்கு முன், நாங்கள் ரோல்20 என்ற இணையதளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தோம். அங்கே கணினி உருட்டும், எல்லோர் திரையிலும் விழும். அப்போது இவன்தான் எங்களில் துணிச்சலாக ஆடியவன். கூரையிலிருந்து குதிப்பான், பேயிடம் பேரம் பேசுவான், எண் கைவிட்டால் முதலில் சிரிப்பவனும் அவன்தான். அப்படி இருந்தவனுக்கு என்ன ஆயிற்று?

நான் செய்த கோளாறு

நேரே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கல்லூரி நட்பு, பன்னிரண்டு வருடப் பழக்கம், ஒரு விளையாட்டுக்காக முகத்தை முறித்துக்கொள்வதா என்று ஒரு தயக்கம். அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த சுலபமான வழியில் இறங்கினேன். எதிரிகளைக் கனமாக்கினேன்.

ஏசி 15 இருக்க வேண்டிய கொள்ளையர்களுக்கு 18 வைத்தேன். உயிரை ஒன்றரை மடங்காக்கினேன். பாலடின் எப்படியும் 23, 25 என்று சொல்லப் போகிறான், அவனுக்கு ஈடு கொடுக்கட்டும் என்று நினைப்பு. எண்ண ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்கி, மொத்தம் ஆறு ஞாயிறுகள் செய்தேன்.

இதில் என்ன நடக்கும் என்று ஒரு கணம் உட்கார்ந்து யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ரோக்குக்கும் அடிக்க ப்ளஸ் 7தான். ஏசி 15 என்றால் அவளுக்கு 8 விழுந்தால் போதும், நூற்றுக்கு 65 வாய்ப்பு. ஏசி 18 என்றால் 11 விழ வேண்டும், நூற்றுக்கு 50. பாலடினுக்கு என்ன கணக்கு? எத்தனை விழ வேண்டுமோ அத்தனை விழும். நான் உயர்த்திய சுவரை ஏமாற்றுகிறவன் நடந்தே தாண்டினான். ஒழுங்காக ஆடியவர்கள்தான் முட்டிக்கொண்டார்கள்.

அடுத்த கோளாறு வாட்ஸ்அப்பில். குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "மக்களே, டைஸ், ஸ்பெல் ஸ்லாட் எல்லாம் கொஞ்சம் கவனமா, நேர்மையா எழுதிக்குவோம். எல்லாருக்கும் பொதுவா சொல்றேன்." பாலடின் கட்டைவிரலை உயர்த்தினான். பத்து நிமிடத்தில் க்ளெரிக்கிடமிருந்து தனிச் செய்தி: "அண்ணா, ஸாரி அண்ணா. போன வாரம் நான் மூணாம் தர ஸ்லாட் ரெண்டுதான்னு தெரியாம மூணு தடவ போட்டுட்டேன். வேணும்னு பண்ணல. அடுத்த வாரம் ஒண்ணு கழிச்சுக்கறேன்." அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறவள். அவள் தப்பு எனக்குத் தெரியவே தெரியாது. பொதுவாகச் சொல்கிற புத்திமதி எப்போதும் மனசாட்சி உள்ளவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அவளுக்கு "உன்னைச் சொல்லல ம்மா" என்று பதில் போட முடியவில்லை. போட்டால், "அப்ப யாரை?" என்று அடுத்த கேள்வி வரும்.

டீக்கடை

ஏழாவது ஞாயிறு ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை மாலை பாலடினை மட்டும் வரச் சொன்னேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. அது எனக்கு நானே சந்தேகம் தீர்த்துக்கொள்ள எழுதியது. அதை எடுத்து விரித்தால் நானும் அவனும் எண்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். உன் டைஸ்ல விழறதும் நீ சொல்றதும் வேற வேறயா இருக்கு."

டீ கிளாஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். சூடு தாங்காமல் மாற்றுவது போல.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா."

இல்லை என்று அவன் சாதிப்பான், அதற்கு என்ன சொல்வது என்றெல்லாம் வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் எதிரே ஷேர் ஆட்டோக்காரர் ஆள் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவனாகவே ஆரம்பித்தான். மேசைக்கு வந்த புதிதில் அவன் ஆடியது பாலடின் இல்லை, ஒரு ஃபைட்டர். மூன்றாவது வாரத்திலேயே செத்துப்போனான். உயிர் பூஜ்யமானால் ஒவ்வொரு சுற்றும் ஒரு டி20 உருட்ட வேண்டும். 10க்கு மேல் போனாலும் சரியாக 10 விழுந்தாலும் ஒரு வெற்றி, கீழே போனால் ஒரு தோல்வி, மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. பகடையில் 1 விழுந்தால் அது இரண்டு தோல்விக்குச் சமம். அவனுக்கு முதலில் 6, அடுத்தது 1. இரண்டே உருட்டு. நான் அன்றைக்கு ஒரு நிமிடம் சோகமாகப் பேசிவிட்டு, மற்ற மூவரோடு சண்டையைத் தொடர்ந்தேன்.

"மூணரைக்குச் செத்தேன்டா. ஏழு மணி வரைக்கும் உங்களுக்கு பஜ்ஜி எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். திருவான்மியூர்லேந்து அதுக்கா வந்தேன்?"

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. மிளகாய் பஜ்ஜி. அவன் கீழே போய் அம்மாவிடம் வாங்கி வந்து வைத்தான். நல்ல பையன் என்று அம்மா சொன்னார்.

"அப்புறம் இன்னொண்ணு. ஓகர் அந்தப் பொண்ண அடிச்சப்ப உனக்கு விழுந்தது இருபதுதானே? ஒம்போதுன்னு சொன்ன. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. நீ ஸ்க்ரீனுக்குப் பின்னாடி மாத்தலாம், நான் பாட்டிலுக்குப் பின்னாடி மாத்தக்கூடாதா?"

உண்மைதான். க்ளெரிக்குக்கு அது இரண்டாவது ஆட்டமோ மூன்றாவதோ. ஓகரின் கிரிட் சராசரி 22 சேதம். அந்த அடி விழுந்திருந்தால் அவள் கீழே கிடந்திருப்பாள். என் எண்கள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்தான் விழும், யாருக்கும் தெரியாது. மாற்றிச் சொன்னேன்.

இதைப் பற்றி டிஎம்களுக்குள் ஓயாத வழக்கு இருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் உருட்டினால் வேண்டும்போது முடிவைத் திருத்திக்கொள்ளலாம் என்று 2014 டிஎம் கையேடே வழி காட்டுகிறது. ஓகரை ஒன்றா மூன்றா என்று தீர்மானிப்பதே நான்தான், அதன் ஓர் அடியைத் திருத்த எனக்கு உரிமை இல்லையா என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சிக்காரன். டிஎம் திருத்துவதும் ஆடுபவர் திருத்துவதும் ஒன்று என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் கேட்டது அந்தத் தர்க்கத்தை இல்லை. எங்கள் மேசையில் பகடை என்பது உருட்டியவன் மட்டும் பார்க்கிற பொருள் என்ற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்டான். அந்தப் பழக்கம் என்னுடையது.

எங்கள் பாட்டியோடு தாயம் ஆடியவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. பித்தளைத் தாயக்கட்டைகளை உள்ளங்கையில் உருட்டாமல், தாயம் மேலே இருக்கும்படி பிடித்து அப்படியே தரையில் சறுக்கி வைப்பது பேரன்களின் முதல் வித்தை. பாட்டி திட்டமாட்டாள். "உருட்டிப் போடு, வைக்காதே" என்பாள், அவ்வளவுதான். கட்டை நின்ற பிறகு எல்லோரும் குனிந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. அவள் போடும்போதும் அதே விதி.

இந்த ஆட்டத்தின் ஆதியிலேயே இதற்கு இடம் இருந்திருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் முதல் பெட்டியை வெளியிட்ட காலத்தில் கிடைத்த இருபது பக்கப் பகடைகளில் 20 என்ற எண்ணே கிடையாது. 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். ஒரு பாதிக்கு ஒரு நிறம், மறு பாதிக்கு வேறு நிறம் என்று வாங்கியவர்களே மெழுகு தீட்டிக்கொண்டு, எந்த நிறத்துக்குப் பத்தைக் கூட்டுவது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். உருட்டிய பிறகு நிறத்தை மாற்றிச் சொன்னவர்கள் எத்தனை பேரோ.

மாற்றியவை

அவனிடம் கேட்டேன்: "நீயே அவங்ககிட்ட சொல்றியா, இல்ல நான் விதிய மாத்தறேன்னு மட்டும் சொல்லட்டுமா?" இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு என் அட்டைத் தடுப்பை மடித்துப் பீரோ மேல் வைத்தேன். இனிமேல் என் பகடை உட்பட எல்லாம் தாம்பாளத்தில்தான்; நின்ற பகடையை அடுத்த ஆள் உருட்டும்வரை எடுக்கக்கூடாது; முதலில் பகடை எண், அப்புறம்தான் கூட்டுத்தொகை. விஸார்ட் உடனே, "ஏன் ப்ரோ திடீர்னு?" என்றார். ஸ்க்ரீன் இருந்தால் உங்கள் முகமே தெரிய மாட்டேன் என்கிறது என்றேன். பாதி உண்மை.

ஸ்லாட்டுக்குப் புளியங்கொட்டையும் சோழியும் வந்தன. முதல் தரம் கொட்டை, இரண்டாம் தரம் சோழி, மூன்றாம் தரத்துக்கு அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து பெரிய கோட்டுப் பொத்தான். செலவானால் நடுவில் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். இதில் எல்லாம் எது வேலை செய்தது என்று என்னைக் கேட்டால், பேச்சு வார்த்தையை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் கொட்டையைத்தான் சொல்வேன். மூன்றாவது வாரம் பாலடின் ஒரு ஸ்மைட் போட்டுவிட்டுக் கொட்டையைப் போடவில்லை. மறந்தானா பழைய புத்தியா, தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. க்ளெரிக், "அண்ணா, கொட்டை!" என்றாள். போட்டான். யாரும் யாரையும் குற்றம் சாட்டாமல் கணக்கு நேரானது.

சாவு விதியை நான் மென்மையாக்கவில்லை. சாவு எளிதானால் சண்டைக்கு உப்பில்லை. மாற்றியது சாவுக்குப் பிறகான மூன்றரை மணி நேரத்தை. என் கோப்பில் எப்போதும் நான்கு மாற்றுப் பாத்திரத் தாள்கள் தயார்: கூட வரும் வழிகாட்டி, சிறையிலிருந்து மீட்கப்பட்ட கொல்லன் என்று. யார் விழுந்தாலும் அடுத்த சுற்றிலேயே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். பூட்டுத் திறப்பது மாதிரி வேலைகளில் சின்ன எண் விழுந்தால் "திறக்கல" என்று சொல்வதையும் விட்டேன். பூட்டு திறக்கும், ஆனால் காவலாளிக்குக் கேட்டுவிடும். சின்ன எண்ணுக்கும் ஏதோ நடக்கிறது என்றால் அதை மறைக்கத் தோன்றுவது குறைகிறது.

எதிரிகளின் ஏசி அன்றைக்கே 15க்குத் திரும்பியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாலடினுக்கு முதல் வாரம் கொடுமைதான். 4, 9, 3, 7. ஒரு தடவை தாம்பாளத்தில் பகடை நின்றதும் அவன் கை பழக்கத்தில் பாய்ந்து, பாதி வழியில் நின்று, முறுக்குத் தட்டுக்குத் திரும்பியது. நானும் பார்த்தேன், ரோக் அக்காவும் பார்த்தார். அவனை விலகச் சொல்லியிருப்பேனா என்று சிலர் கேட்கிறார்கள். டீக்கடையில் இல்லவே இல்லை என்று சாதித்திருந்தால், அல்லது தாம்பாளம் வந்த பிறகும் வேறு சந்து தேடியிருந்தால், ஆமாம். அப்படி நேரவில்லை. ஐந்தாறு வாரத்தில் மறுபடி கூரையில் ஏற ஆரம்பித்துவிட்டான்.

அக்கா

இரண்டு மாதம் கழித்து ரோக் அக்கா நின்றுவிட்டார். வேலை அதிகம் என்று குழுவில் போட்டார். நம்பும்படியாகத்தான் இருந்தது. நான்தான் நம்பாமல் போன் செய்தேன்.

"அவன் பாலடின் ஆன ரெண்டாவது வாரத்துலேந்தே போங்குதான் ஆடறான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவன் பக்கத்து சீட்டு நான்."

"அப்ப ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? 'அக்காவுக்கு அடி படல, அதான் அழுகுணி ஆட்டம் ஆடறாங்க'ன்னு ஆகும். நீங்க ரெண்டு பேரும் காலேஜ் செட்டு. நான் யாரு?"

அவனிடம் பேசியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா என்றேன்.

"அவன் பண்ணினதுக்காக நான் நிக்கல. அவன் என்ன, இல்லாத ஓகர நாலு வாட்டி கூட அடிச்சுக்கிட்டான், போகட்டும். நடுவுல கொஞ்ச நாள் எனக்குப் பதினாறு பதினேழு போட்டாக்கூட படலயே, அது என்னடா? மொதல்ல எல்லாம் பதினஞ்சுக்கே பட்டுது. இப்ப மறுபடி படுது."

எனக்கு வாய் வரவில்லை. பிறகு, ஏசியை உயர்த்தியதைச் சொன்னேன். ஏன் என்பதையும். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கும்வரை பேச்சில்லை.

"அதெல்லாம் எழுதி வெச்சிருப்பியே நீ. அந்த நோட்ட எடு."

எடுத்தேன். அந்த நான்கு ஞாயிறுகளில் அவர் அடித்தது 31 தடவை. கூட்டுத்தொகை 15, 16, 17 வந்து நான் "படல" என்று சொன்னவற்றை எண்ணச் சொன்னார். ஐந்து. ரோக்கின் குத்து ஒவ்வொன்றும் சராசரி 19 சேதம். நான்காவது, பாலத்துச் சண்டையில். கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு அப்போது மீதியிருந்த உயிர் 12 என்று என் கையெழுத்தே பக்கத்தில் இருந்தது. அதற்கு அடுத்த முறை பாலடின்தான் அவனைக் கொன்றான். மேசையே எழுந்து நின்று கை தட்டியது.

"அது என் அடி" என்றார் அக்கா.